பனையை நிறுக்காமல் விலை பேசாதீர்கள்

அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பனையும் காலநிலை மாற்றமும் என்பது பொருள். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் கிடந்தவனுக்குக் கூட்டம் என்றாற் கடைசி வரிசைக் கதிரையும் குறிப்புப் புத்தகமுந்தான் நினைவுக்கு வரும். அன்றும் அங்கேயே அமர்ந்தேன்.

பேச வந்தவர் இளைஞர், கெட்டிக்காரர். திரையில் ஓர் அட்டவணை விழுந்தது. ஒரு பனையில் இத்தனை கிலோகிராம் காபன். குடாநாட்டில் இத்தனை இலட்சம் பனைகள். ஆகவே இத்தனை தொன் காபனீரொட்சைட்டு. ஆகவே இத்தனை டொலர். நான்கே வரிகள். மண்டபம் கைதட்டியது. அப்பொழுது எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்தார். ஒரு காலத்தில் மரம் ஏறியவர் என்பது அவருடைய கைகளைப் பார்த்தாலே தெரியும்.

“தம்பி, இந்தக் கணக்கிலை மரத்தின்ரை உயரம் எங்கை இருக்கு?” என்று கேட்டார்.

“ஐயா, மரத்தின்ரை சுற்றளவை வைச்சுத்தான் கணக்குப் பார்க்கிறது. அது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சூத்திரம்” என்றார் இளைஞர்.

“பனை பெருக்காது தம்பி. உயரும்” என்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்துவிட்டார். தலைவர் அடுத்த பேச்சாளரை அழைத்தார். அந்த ஒரு வாக்கியத்தில் அட்டவணை முழுவதும் சரிந்துபோனதை மண்டபத்தில் எத்தனை பேர் உணர்ந்தார்கள் என்பதை நான் அறியேன். இப்பத்தி அந்த முதியவரின் கட்சியில் நின்று எழுதப்படுவது.

முதலில், அவர் சொன்னது அறிவியற்படி சரியா என்று பார்ப்போம். வேம்பு, பாலை, முதிரை போன்ற மரங்களில் பட்டைக்கு உட்புறத்தே மாறிழையம் என்ற படை உண்டு. அது ஆண்டுதோறும் புதிய மரத்தை உண்டாக்க, தண்டு பருக்கிறது. ஆகவே அத்தகைய மரத்தின் விட்டம் அதன் வயதுக்கும் எடைக்கும் நல்லதொரு சாட்சி. பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு அந்தப் படை இல்லை. வடலியாக நிலத்தோடு கிடக்கும் ஆண்டுகளிலேயே தன் தண்டின் பருமனைத் தீர்மானித்துக்கொண்டு, பின்னர் மேல்நோக்கி எழுகிறது. எழுந்தபின் உயரம் கூடும். பருமன் குறிப்பிடத்தக்க அளவு கூடாது.

இது ஐரோப்பியர் வந்து சொல்லித்தான் தமிழனுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையனவற்றை மரம் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் பனையும் தென்னையும் புல்லின் பக்கம் சேரும். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்கு அண்மையில் உள்ள ஒருவித்திலைக் கூட்டத்திலேயே வைக்கிறது. இலக்கணப் புலவர்கள் கண்ட வேறுபாட்டைக் கணினி அட்டவணை தவறவிட்டிருக்கிறது.

தவறவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு.

இரண்டு பனைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் விட்டம் 40 சென்ரிமீற்றர். ஒன்றின் தண்டு 8 மீற்றர் உயரம். மற்றது 24 மீற்றர். கணக்கின் எளிமைக்காகத் தண்டை நேரான தூணாகக் கொண்டால், முதலாவதன் கனவளவு ஏறத்தாழ 1 கனமீற்றர். இரண்டாவதன் கனவளவு 3 கனமீற்றர். சுற்றளவை மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு இரண்டும் ஒரே மரம். ஒன்றில் மூன்று மடங்கு பொருள் இருப்பதை அது காணாது.

இனி அடர்த்திக்கு வருவோம். பனந்தண்டின் வெளிப்புறம் கரிய நாரும் இரும்பை ஒத்த வைரமும், உட்புறம் சோறு. அடிமரம் வேறு, நுனிமரம் வேறு. முதிர்ந்த மரம் வேறு, இளமரம் வேறு. தீராந்திக்கும் வளைக்கும் சிலாகைக்கும் மரம் தெரிந்தெடுத்த நம் தச்சர்கள் இதை நன்கறிவர். தண்டு முழுவதற்கும் சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 400 கிலோகிராம் உலர் எடை என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், அந்த 24 மீற்றர்ப் பனையின் தண்டு 1.2 தொன். 800 என்று இன்னொருவர் எடுத்துக்கொண்டால் 2.4 தொன். இவ்விரண்டும் நான் உதாரணத்துக்கு எடுத்த எண்களே அன்றி அளந்த எண்கள் அல்ல. உலர் எடையில் காபனின் பங்கு 0.47 என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2006ஆம் ஆண்டு வழிகாட்டியில் வெப்பவலய மரங்களுக்குக் கொடுத்த பொதுமதிப்பு. அதைக் கொண்டு பெருக்கி, காபனைக் காபனீரொட்சைட்டாக்க 44ஆற் பெருக்கி 12ஆல் வகுத்தால், முதற் கணக்கில் ஏறத்தாழ 2.1 தொன், இரண்டாவதில் 4.1 தொன். ஒரே மரம். வித்தியாசம் 2 தொன். இதே பிழையை இலட்சம் மரங்களுக்குப் பெருக்கினால் வித்தியாசம் 2 இலட்சம் தொன். ஓலை, வேர், மண் ஆகியவற்றை நான் இன்னும் தொடவேயில்லை.

உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட சூத்திரம் என்று இளைஞர் சொன்னாரே, அதன் கதையையும் சொல்லவேண்டும். வெப்பவலய மரங்களின் எடையை நிற்கும் நிலையிலேயே மதிப்பிட இன்று மிகப் பரவலாகக் கையாளப்படும் சமன்பாட்டை ஜெரோம் சாவ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவருடன் பல நாட்டு ஆய்வாளரும் 2014இல் வெளியிட்டனர். 58 இடங்களில் 4004 மரங்களைத் தறித்து நிறுத்த தரவுகளின் மேல் நிற்பது அது. சவன்னா மரவெளிகளும் அவற்றுள் அடங்கும். அதில் விட்டம் மட்டுமன்றி உயரமும் மர அடர்த்தியும் இடம்பெறுகின்றன. அருமையான உழைப்பு, அதில் எனக்குக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அது கிளைவிட்டுப் பருக்கும் மரங்களுக்கான சமன்பாடு. பனையினத்துக்குத் தனிச் சமன்பாடு வேண்டும் என்பதை உணர்ந்தே அமேசனில் வேறொரு குழுவினர் அங்குள்ள பனையினங்களைத் தறித்து நிறுத்து 2013இல் தனியாக வெளியிட்டனர். அவர்கள் கண்ட முடிவும் நமது முதியவர் சொன்னதுதான்: பனையின் எடையைச் சொல்வதில் விட்டத்தைவிட உயரமே நல்ல வழிகாட்டி. அமேசனின் பனை வேறு, நமது பனை வேறு என்பதால் அந்தச் சமன்பாட்டையும் அப்படியே தூக்கிவந்து இங்கே நாட்ட முடியாது. நெறியைக் கடன் வாங்கலாம். எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

நமது பனைக்கு மிக நெருங்கிய உறவு ஆபிரிக்கச் சவன்னாவில் இருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டில் லம்தோ என்ற இடத்தில் 1962 முதல் ஓர் ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. அங்குள்ள புல்வெளியில் ஓங்கி நிற்பது பொராசஸ் ஏதியோப்பம் என்ற ஆபிரிக்கப் பனை. நமது பொராசஸ் பிளாபெல்லிபரின் சகோதரி. அந்தப் பனைகளின் வேர்கள் வளமான மண்திட்டுகளையும் கறையான் புற்றுகளையும் தேடி நெடுந்தூரம் செல்வதை அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்துக் கண்டறிந்தார்கள். கைதடியிலோ நெடுந்தீவிலோ ஒரு முதிர்ந்த பனையின் வேர்த்தொகுதி முழுவதையும் கிளறி எடுத்து உலர்த்தி நிறுத்துப் பார்த்தபின்பா கூட்டத்தில் அட்டவணை போட்டார்கள்? அவர்களைக் கேட்டேன். இல்லை என்றார்கள்.

நமது பனங்கூடல்களைச் சவன்னாவோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் நினைக்கலாம். ஆண்டின் பெரும்பகுதி வறட்சி. மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழை. கீழே புல்லும் பற்றையும், மேயும் ஆடு மாடு. மேலே இடைவெளி விட்டு நிற்கும் ஒரே இன மரம். கோடையிற் காவோலையைப் பற்றி ஏறும் தீ. மனிதர் நட்டும் காத்தும் உருவாக்கியது என்பதைத் தவிர, அமைப்பாற் சவன்னா மரவெளிக்கு இதைவிட அண்மையான நிலம் குடாநாட்டில் வேறில்லை. உலகிற் சவன்னாவுக்கு நேர்ந்த அநீதியே நமது கூடல்களுக்கும் நேர்கிறது. நெருங்கிய காடு அல்லாதது எல்லாம் வெறும் நிலம் என்ற எண்ணமே அந்த அநீதி.

2019 யூலையில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. உலகில் மேலும் 90 கோடி ஹெக்டேயர் பரப்பில் மரப்போர்வையை உண்டாக்கலாம். அதன்மூலம் 205 பில்லியன் தொன் காபனைச் சேமிக்கலாம் என்றது அது. தலைப்புச் செய்தி ஆயிற்று. சில மாதங்களிற் பல நாட்டு அறிஞர்கள் அதே இதழில் மறுப்பு எழுதினர். இயற்கையான புல்வெளிகளையும் சவன்னாக்களையும் மரம் இழந்த நிலமாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே அந்த மண்ணில் இருக்கும் காபனை மறந்துவிட்டீர்கள். உங்கள் எண் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகை என்றனர். செய்தி ஓடிய வேகத்தில் மறுப்பு ஓடவில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இதிற் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய எண் முதற்பக்கத்துக்குப் போகும். திருத்தம் உட்பக்கத்து மூலைக்குப் போகும்.

அடுத்தது எண்ணிக்கை. இலங்கையிற் பனைகள் ஒரு கோடிக்குச் சற்று மேல் என்ற எண்ணை நான் இளம் நிருபராக இருந்த காலந்தொட்டுக் கேட்டு வருகிறேன். அறிக்கையிலிருந்து அறிக்கைக்கு அது இடம்பெயர்கிறது. இடையில் ஒரு போர் நடந்தது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றி அடுக்காத தரப்பு இல்லை. வளவுக்குள் பதுங்குகுழி வெட்டிய பொதுமக்களும் அதையே செய்தோம். வலிகாமம் வடக்கில் 1990 முதல் பல்லாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த காணிகளுக்குத் திரும்பிய மக்கள், வீட்டை மட்டுமன்றி எல்லைப் பனைகளையும் தேடினார்கள். அழிந்த பனைகளுக்கும் பல எண்கள் சொல்லப்படுகின்றன. எந்த எண்ணுக்கும் ஊர்வாரியான கணக்கொன்று இணைக்கப்பட்டிருந்ததை நான் கண்டதில்லை. முன்பு எத்தனை இருந்தன என்று எழுதி வைக்காதவனால் எத்தனை இழந்தான் என்று வழக்குச் சொல்ல முடியாது. இழப்பீடு கேட்கவும் முடியாது.

எண்ணுவது இயலாத காரியமும் அன்று. 2020இல் மேற்கு ஆபிரிக்காவின் சகாரா, சாகேல் பகுதிகளில் 13 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பைச் செய்மதிப் படங்களாலும் கணினியாலும் ஆராய்ந்து, 180 கோடிக்கு மேற்பட்ட தனித்தனி மரங்களை எண்ணினார்கள். 2023இல் அதை விரித்து 990 கோடி மரங்களுக்குக் காபன் கணக்கும் சொன்னார்கள். பாலைவனத்தின் ஓரத்து மரத்தை ஒவ்வொன்றாக எண்ண முடிந்த உலகில், ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் கொண்ட நமது குடாநாட்டின் பனைகளை எண்ண முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். அந்த ஆபிரிக்க மரங்களின் எடையை முடியின் பரப்பைக் கொண்டு மதிப்பிட்டார்கள். பனைக்கு அது பொருந்தாது. பத்து மீற்றர்ப் பனைக்கும் இருபத்தைந்து மீற்றர்ப் பனைக்கும் மேலிருந்து பார்த்தால் முப்பது நாற்பது ஓலை கொண்ட ஏறத்தாழ ஒரே வட்டந்தான் தெரியும். செய்மதி எண்ணித் தரும். உயரத்தை வேறு வழியில் அளக்க வேண்டும். தென்னையையும் பனையையும் அது மயங்காமற் பார்த்துக்கொள்ள நிலத்தில் மனிதர் நடக்கவும் வேண்டும்.

மூன்றாவது, வரைவிலக்கணம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் விளக்கப்படி, அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் 5 மீற்றருக்கு மேல் உயரும் மரங்கள் 10 வீதத்துக்கு மேல் முடிப்போர்வை கொண்டு நின்றால் அது காடு. பனையினமும் மூங்கிலும் அதில் அடங்கலாம். ஆனால் நிலத்தின் பிரதான பயன்பாடு விவசாயமாக இருந்தால் அது காடு அன்று. அப்படியானால் ஓலையும் கள்ளும் பனங்காயும் தரும் கூடல் காடா, தோட்டமா? அல்லது காணி உத்தியோகத்தரின் வழக்கப்படி ‘வெறுங்காணி’யா? 2030இல் நாட்டின் காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவதாகவும் 2050இல் காபன் சமநிலையை எட்டுவதாகவும் இலங்கை அரசு 2021இல் உலகுக்கு வாக்களித்தது. அந்த 32 வீதத்துக்குள் எங்கள் கூடல்களுக்கு இடமுண்டா என்று எவரேனும் கேட்டார்களா? கணக்கில் இல்லாத மரத்தைத் தறிப்பதால் எந்தக் கணக்கும் குறையாது. புல்டோசருக்கு அதைவிட வசதியான அனுமதிப்பத்திரம் வேறென்ன வேண்டும்? 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் பனையையும் தொடுகிறது. ஆனால் சட்டம் ஒவ்வொரு மரத்துக்கும் அனுமதி கேட்கிறதே ஒழிய, கூடலை ஒரு முழுமையாகப் பார்ப்பதில்லை.

நான்காவது, விதை நடும் விழாக்கள். பனை விதை நடுவதை நான் எதிர்க்கவில்லை, நானும் நட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2021இன் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 இலட்சம் பனை விதைகளை வழங்குவதாக அறிவித்ததோடு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியையும் கட்டாயமாக்கியது. அவ்விரண்டில் எனக்கு இரண்டாவதே பெரிதாகத் தோன்றுகிறது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பது நம் முன்னோர் அனுபவம். இன்று நடும் விதை தண்டெடுக்கவே பல்லாண்டு செல்லும். அதுவரை அதன் காபன் சில ஓலைகளும் கிழங்கும். ஒரு முதிர்ந்த பனையைத் தறித்துவிட்டு நூறு விதை நட்டோம் என்று புகைப்படம் பிடிப்பவர்கள், ஒரு தொன்னுக்கு மேற்பட்டதைக் கொடுத்துச் சில கிலோகிராம்களை வாங்கியிருக்கிறார்கள். அந்த நூறில் எத்தனை ஆட்டுக்கும் தீக்கும் தப்பின என்று ஐந்தாண்டின் பின் யாரும் படம் பிடிக்கப் போவதில்லை.

இவ்வளவும் சொன்னபின் இரு தரப்பினர் என்மேற் பாய்வர் என்பதை அறிவேன்.

முதலாமவர் சொல்வார்: “துல்லியம் துல்லியம் என்று கிடந்தால் ஒருநாளும் காசு வராது. தோராயமான எண்ணாவது இருக்கட்டும், சந்தை திறந்துவிட்டது.” சந்தை திறந்திருப்பது உண்மை. பாரிஸ் உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரைக்கான விதிகள் 2024இல் பாகு மாநாட்டில் முற்றுப்பெற்றன. ஆனால் அதே சந்தையில் நடந்ததையும் அறியவேண்டும். 2023 யனவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை வேறு இரு ஊடகங்களுடன் சேர்ந்து செய்த புலனாய்வு, வெர்ரா என்ற அமைப்புச் சான்றளித்த மழைக்காட்டுக் காபன் வரவுகளிற் பெரும்பகுதி உண்மையான பயனைக் குறிக்கவில்லை என்றது. அந்த அமைப்பு அதை மறுத்தது. வழக்கு எப்படியும் போகட்டும். அதன்பின் வாங்குபவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி ‘எப்படி அளந்தீர்கள்’ என்பதே. பலமில்லாத எண்ணோடு சந்தைக்குப் போகிறவன் இரண்டு விதத்திற் கெடுவான். எண் குறைவானால் மலிவாக விற்றுவிடுவான். எண் மிகையானால் பொய்யன் என்ற பெயரோடு திரும்பி வருவான். இடைத்தரகர் இரண்டிலும் தம் கூலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இரண்டாமவர் சொல்வார்: “பனை எங்கள் பண்பாடு, கற்பகதரு. அதைக் கிலோகிராமில் நிறுப்பதே இழிவு.” இவரோடு எனக்குப் பாதி உடன்பாடு. நிறுப்பது விற்பதற்கே என்று அவர் நினைக்கிறார், அங்கேதான் வேறுபடுகிறேன். கற்பகதரு என்று மேடையிற் பாடிக்கொண்டே கண்முன்னால் கூடல்கள் காணித் துண்டுகளாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புகழ்ச்சி ஒரு மரத்தையும் காப்பாற்றவில்லை. நிறுத்து எழுதிய கணக்கு ஒருவேளை காப்பாற்றலாம். குறைந்தது, தறித்தவன் எதைத் தறித்தான் என்பதற்காவது சாட்சியாக நிற்கும்.

ஆகவே பனை அபிவிருத்திச் சபையையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவகத்தையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும், வனவளத் திணைக்களத்தையும் நோக்கி நான் வைக்கும் கோரிக்கை எளியது. ஆய்வுக்கென்று ஒரு மரத்தையும் புதிதாகத் தறிக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அனுமதி பெற்றுத் தறிக்கப்படும் மரங்களும் புயலில் விழும் மரங்களும் போதும். ஒவ்வொன்றின் உயரத்தையும், நெஞ்சளவு உயரத்திற் சுற்றளவையும் எழுதுங்கள். அடி, நடு, நுனி ஆகிய மூன்றிடங்களில் ஒவ்வொரு வட்டு அறுத்து உலர்த்தி நிறுங்கள். ஓலையையும் மட்டையையும் நிறுங்கள். சில மரங்களுக்காவது வேரைக் கிளறுங்கள். தீவகத்து மணலில் நிற்பதையும் வலிகாமத்துச் செம்மண்ணில் நிற்பதையும் தென்மராட்சியில் நிற்பதையும் பிரித்து எழுதுங்கள். கூடலுக்குள்ளும் கூடலுக்கு வெளியேயும் மண்ணை எடுத்துக் காபனை அளவுங்கள். இதற்கு நிறுவைத் தராசும் உலர்த்தும் அடுப்பும் பொறுமையுமே முதன்மையாக வேண்டும். சில நூறு மரங்கள் சேர்ந்தவுடன் நமது பனைக்கு நமது சமன்பாடு பிறக்கும். அதன் பிழையின் அளவையும் மறைக்காமல் அதனோடு சேர்த்து வெளியிடுங்கள். அதன்பின் விற்பதா வேண்டாமா என்பதைக் காணிக்காரரும், ஏறிச் சீவி வாழும் குடும்பங்களும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அவர்கள் இல்லாத மண்டபத்தில் அது தீர்மானிக்கப்படலாகாது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த முதியவர் சைக்கிளைப் பூட்டுத் திறந்துகொண்டிருந்தார். பனையின் உயரத்தை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். ஏறியவனுக்குத் தெரியாதா என்று சிரித்தார். பிறகு, தம் வாழ்நாளில் ஏறிய மரங்களில் இன்று நிற்பவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

உங்கள் வளவிலோ அயலிலோ அடுத்தமுறை ஒரு பனை சாய்க்கப்படும்போது, அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். நீளத்தையும் சுற்றளவையும் ஊரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நிறுவனங்கள் விழித்தெழும் நாளில் அந்தக் கொப்பிகள் பயன்படும்.